அவர் பிரேக்கைச் சரியாகத்தான் மிதித்தார்

ஒரு பெண்ணின் கால்களைப் பறித்தவன் நான். அவளுடைய அக்காள்தான் அதைச் செய்தாள் என்று ஊரை நம்பவைத்தவனும் நானே. ஊரை மட்டுமா? அந்த அக்காளையே நம்பவைத்தேன்!

இரண்டில் எது பெரிய குற்றம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முழுவதும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

காஞ்சிபுரத்தில் ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கார் பட்டறை உண்டு. என் அப்பா கூரம் பக்கத்தில் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சென்னையில் பத்து வருடம் வெளிநாட்டுக் கார்களோடு மல்லுக்கட்டி, பிறகு ஊர் திரும்பிச் சொந்தமாக ஷெட் போட்டேன். 'அந்தோணி கை வெச்சா வண்டி பேசும்பா' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் அடிமை... அதைக் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

சுகந்தி மேடம் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். முப்பத்து நான்கு வயது இருக்கும். மணமாகவில்லை. அப்பா அம்மா இருவரும் போனபிறகு தங்கை மாலதியை அவர்தான் வளர்த்தார். பெரிய காஞ்சிபுரத்தில் வீடு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் பெண்கள் கார் ஓட்டுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் ஓட்டினார். அதுவும் சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற பழைய கார்.

அதில் ஏ.பி.எஸ். இருந்தது. அதற்காகவே அந்தக் காரை வாங்கினாராம்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்... தெரியாவிட்டால் இவ்வளவுதான். ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சாதாரண வண்டியின் சக்கரங்கள் இறுகி நின்றுவிடும். வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கேட்காது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், சக்கரம் இறுகப் போவதை ஒரு சென்சார் மோப்பம் பிடிக்கும். நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். காலடியில் பெடல் துடிக்கும். வண்டி நீங்கள் திருப்பிய பக்கம் திரும்பும்.

அந்தக் காரில் வந்த கோளாறு விசித்திரமானது. காய்ந்த சாலையில், மெதுவாக வந்து நிறுத்தும்போதுகூட, பெடல் காரணமில்லாமல் கறகறவென்று துடிக்கும். மஞ்சள் விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது.

நான் பிரேக் கட்டைகளை மாற்றினேன். போகவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன். போகவில்லை. எண்ணெயை முழுவதும் இறக்கிப் புதிதாக ஊற்றிக் காற்றெடுத்தேன். போகவே இல்லை!

மூன்றாம் முறை வந்தபோது அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

அன்று ஷெட்டில் ஆட்கள் இருந்தார்கள். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்த தனபால் முதலியார் தன் வண்டிக்காகக் காத்திருந்தார். டூரிஸ்ட் வண்டி டிரைவர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் அவர் நோட்டைத் திறந்து காட்டினார்.

"அண்ணா, பதினேழு தடவை வந்திருக்கு. எப்பெப்ப வந்துச்சுன்னு எழுதி வெச்சேன். பதினஞ்சு தடவை நான் வலது பக்கம் திரும்பிக்கிட்டு இருந்திருக்கேன். வலது பக்கம் திரும்பினா பாரமெல்லாம் இடது பக்கம் சாயும். அதனால இடது முன்சக்கரத்துலதான் ஏதோ ஆட்டம் இருக்குன்னு நினைக்கிறேன். அங்க இருக்கிற சென்சாருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி மாறுது போல. நீங்க ஒருதரம் பாத்தீங்கன்னா..."

அவர் தாழ்மையாகத்தான் சொன்னார். 'பாத்தீங்கன்னா' என்றுதான் சொன்னார்.

ஆனால் தனபால் முதலியார் சிரித்தார். "இன்னாபா அந்தோணி! மூணு மாசமா நீ தேடிக்கினு இருந்தத டீச்சரம்மா நோட்டுலயே புடிச்சிட்டாங்களே! பேசாம காலேஜ்ல போய்ச் சேந்துடு!"

டிரைவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள். மேடமுக்கே சங்கடமாகிவிட்டது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை, அண்ணாவுக்குத் தெரியாததா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்... அது சிரிப்பைவிட ஆழமாக இறங்கியது. எனக்காக யாரும் இரங்கிப் பேசியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சமாதானத்தை உங்கள் முன் வைக்க எனக்கு ஆசை. கூலிக்காரன் மகன், தலைமுறை தலைமுறையாக அவமானப்பட்டவன், அதனால் சுருக்கென்று தைத்துவிட்டது என்று சொல்லலாம். நீங்களும் நெகிழ்வீர்கள். ஆனால் அது பொய்! அந்தப் பெண்மணி என் ஷெட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தவர். என் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்கைக் காரின் பானெட்மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் என்னை ஒருநாளும் சிறுமைப்படுத்தவில்லை. அவர் சரியாகச் சொன்னார், நான் தவறாகச் சொன்னேன். என் வெறுப்புக்கு வேறு வேர் கிடையாது.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன், இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. பேரிங் தேய்ந்திருந்தது. சென்சாரின் முகத்தில் இரும்புத்தூள் மீசை போல அப்பியிருந்தது. மீட்டரை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். முள் எழுந்து எழுந்து விழுந்தது.

ஒரு வார்த்தை பிசகாமல், அவர் சொன்னபடியே.

ஒரு பேரிங்கும் ஒரு துடைப்பும்தான் தேவை. பேரிங் சென்னையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும். அரை நாள் வேலை! அதைச் செய்துவிட்டு, 'வேறெங்கோ கோளாறு' என்று பொய் சொல்லியிருந்தாலும் போதும். என் மானமும் நின்றிருக்கும், மாலதியின் கால்களும் நின்றிருக்கும்.

எனக்கு அது போதவில்லை. அவர் சொன்னது தவறாகவேண்டும் என்று இருந்தது. அந்தச் சக்கரத்தைத் தொடாமலே வண்டியைச் சரிசெய்து காட்டவேண்டும்...

ஏ.பி.எஸ். பியூஸைப் பிடுங்கிப் போட்டேன். துடிப்பு நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? உறுப்பையே கொன்றுவிட்டேனே!

பியூஸ் இல்லாவிட்டால் மஞ்சள் விளக்கு நிரந்தரமாக எரியும். பல்பைக் கழற்றினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிந்து அணைகிறதா என்று பார்க்கிற மனுஷி அவர். எனவே டாஷ்போர்டைப் பிரித்து, அந்த விளக்கின் ஒயரை வெட்டி, இன்ஜின் ஆயில் விளக்கின் ஒயரோடு முடிந்தேன். சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து அணையும். பார்க்கிறவருக்கு எல்லாம் நலம்!

சரியாகப் பழுது பார்க்க அரை நாள் போதும். இந்த மோசடிக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. இவ்வளவு அக்கறையோடு நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

தனபால் முதலியார் வண்டி எடுக்க வரும் நாளாகப் பார்த்துத்தான் மேடமையும் வரச்சொன்னேன்.

"சக்கரத்துல ஒண்ணுமே இல்ல மேடம். பியூஸ் பெட்டிக்குப் பின்னால ஒரு ஒயரு லூசா இருந்துச்சு, அவ்ளோதான். இனிமே வராது."

அவர் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, அணைந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கம் திரும்பித் திரும்பி நிறுத்திப் பார்த்தார். துடிப்பு இல்லை. இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. முதலியார் காதில் விழும்படியே சொன்னார்:

"நான் சொன்னது தப்புண்ணா. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் பெரிய இவளாட்டம் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

நான் தலையசைத்தேன். பெருந்தன்மையாக!

பிறகு அவர் ஒன்று கேட்டார். "மண் ரோட்டுல ஒரு தடவை ஓங்கி மிதிச்சுப் பாத்துடட்டுமா? வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடுமில்ல?"

அவர் மிதித்திருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். நான் பதறாமல் சொன்னேன்: "வேணாம் மேடம். சும்மா சும்மா அத வேலை வாங்கினா உள்ள இருக்கிற பம்ப்பு போயிடும். ஆபத்துன்னு வரும்போது மட்டும் மிதிங்க. முழுசா மிதிங்க, காலை எடுக்காதீங்க. ஸ்டீயரிங்க திருப்பிக்கினே இருங்க. மீதிய அது பாத்துக்கும்."

கேட்டீர்களா? ஏ.பி.எஸ். செத்துப்போன வண்டியில் ஒருவர் செய்யவே கூடாத காரியம் அது. காலை எடுக்காமல் மிதித்தால் சக்கரம் இறுகும், வண்டி திரும்பாது. கொன்றவனும் நான்தான், அது உயிரோடு இருப்பதாக நம்பி நடந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அன்று நான் இதையெல்லாம் யோசித்தேனா? யோசித்தேன். 'ஊரில் ஏ.பி.எஸ். இல்லாத வண்டிகள்தானே ஓடுகின்றன, என்ன ஆகிவிடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்காதவன் இப்படிச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லையே...

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் மூன்று மணி சுமாருக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஏனாத்தூர் சாலையில் ஒரு கார் புளியமரத்தில் மோதிவிட்டது, இழுத்துவர வேண்டும் என்றார்கள். என்ன கார் என்று கேட்டேன். சொன்னார்கள்.

நான் போவதற்குள் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வலப்பக்கம் வளையும் சாலை அது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி வளைவில் குறுக்கே ஓடியதாம். அது அப்போதும் ஓரமாக நின்று நனைந்துகொண்டிருந்தது. அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

சாலையோரச் சேற்றில் சக்கரத் தடங்களைப் பார்த்தேன். கோடு கிழித்தது போல நேராகப் போய் மரத்தில் முடிந்தன. குனிந்து காரின் முன்சக்கரங்களைப் பார்த்தேன். அவை இரண்டும் வலப்பக்கம் முழுவதுமாக ஒடிக்கப்பட்டிருந்தன.

வேறு யாருக்கும் அது ஒன்றும் சொல்லியிருக்காது. எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. அவர் முழுமையாக மிதித்திருக்கிறார். காலை எடுக்கவில்லை. கடைசிவரை திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்!

காரின் இடப்பக்கம் மரத்துக்குள் புகுந்திருந்தது. இடப்பக்கம் மாலதி உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. தை மாதம் கல்யாணம்.

நான் அழுதேன் என்று நினைக்கிறீர்களா? காரை ஷெட்டுக்கு இழுத்துவந்தேன். கதவைச் சாத்தினேன். மோட்டார் வாகன ஆய்வாளர் மறுநாள் வருவார் என்று தெரியும். முடிந்து வைத்திருந்த ஒயரைப் பிரித்துப் பழையபடி இணைத்தேன். பியூஸை அதன் இடத்தில் செருகினேன். ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை. அதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது... ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆய்வாளர் வந்து பெடலை அழுத்திப் பார்த்தார். எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். "பிரேக் நல்லா இருக்குதேபா" என்றார்.

"போன மாசம்தான் சார் முழுசா பாத்துக் குடுத்தேன். லேடீஸ் இல்லயா... பயந்துட்டு இருப்பாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

மாலதி பிழைத்துவிட்டாள். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி வராது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒருமுறை வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கினார் சுகந்தி மேடம். ஆளே பாதியாகியிருந்தார். ஷெட்டு ஓரத்தில் நின்ற அந்தச் சிதைந்த காரை அவர் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பெடல் துடிக்கவே இல்லை. நான் முழுசாதான் மிதிச்சேன்னு நினைக்கிறேன். திருப்பினேன். வண்டி திரும்பலை. ஏன் துடிக்கலை?"

இதோ, இந்த இடம்தான். வண்டியில் செய்தது ஒரு பகல் வேலை. இனி நான் சொல்லப்போகும் பதில்தான் என் ஆயுள் வேலை.

"மேடம், முழுசா மிதிச்சிருந்தா துடிச்சிருக்கும். நீங்க பாதி மிதிச்சிட்டு விட்டுட்டீங்க. பயத்துல அப்படித்தான் ஆவும். பயந்துட்டீங்க, அவ்ளோதான்."

"இல்லண்ணா... நான் மிதிச்சேனே..."

"மிதிச்ச மாதிரி இருக்கும் மேடம். அந்த நேரத்துல இன்னா செஞ்சோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. வண்டிய நான் பாத்தேன், ஆபீசரும் பாத்தாரு. எல்லாம் கரெக்டா இருக்குது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நோட்டுப் போட்டு, எண்ணி, காரணம் கண்டுபிடித்த அந்த மூளை, என் கண்ணெதிரே தன்னைத்தானே சந்தேகிக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். ஒரு விளக்கு அணைவதைப் பார்ப்பது போல... இல்லை, உவமை வேண்டாம். ஒரு மனுஷி உடைந்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான்.

"அப்ப நான்தான்..." என்றார்.

நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதைச் சொல்லாவிட்டால் இத்தனையும் சொன்னது வீண். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியபோது, எனக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கேட்டது: 'இப்போது சொல்லுங்கள் மேடம், எந்தச் சக்கரம்?'

ஆம்! அப்படியும் ஒருவன் இருந்தான். அவன் என் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

அவரே வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். "நான் பயந்துட்டேன்டி. பாதிலயே விட்டுட்டேன்." ஒளித்துவைக்கத் தெரியாதவர்.

அதன்பிறகு மாலதி அக்காளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஆண்டுகள் போயின. என் ஷெட் வளர்ந்தது. மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு, கோபப்பட்டேன், குடித்தேன், மனைவியைத் திட்டினேன் என்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். சாமியார் ஒவ்வொரு முறையும் மன்னித்தார்.

மாலதிக்கு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஒரு டெலிபோன் பூத் கிடைத்தது. கச்சபேஸ்வரர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம். அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் தவிர்த்துவந்தேன். ஒரு நாள் காலை செல்போனில் சார்ஜ் இல்லை, சென்னைக்கு அவசரமாகப் பேசவேண்டியிருந்தது. யார் கடை என்று பார்க்காமல் நுழைந்துவிட்டேன். பேசிமுடித்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தால், மேசைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் அவள்.

"மெக்கானிக் அண்ணாதானே நீங்க?"

ஓடியிருக்கலாம். கால்கள் இருந்தன எனக்கு.

"உக்காருங்க. ரொம்ப நாளா உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யார்கிட்ட சொல்லி அனுப்பறதுன்னு தெரியல." அவள் குரல் அக்காளுடைய குரல் போலவே இருந்தது. "அஞ்சு வருஷமா நான் அவகூடப் பேசறதில்லண்ணா. அவதான் என்னைத் தூக்கறா, குளிப்பாட்டறா, துணி மாத்தறா. காலேஜ் வேலையையும் விட்டுட்டா. ஒரு வார்த்தை பேசினதில்ல நான். அவளும் பேசச் சொல்லிக் கேட்டதில்ல."

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"இப்பல்லாம் ராத்திரியில தனியா உக்காந்து காலை ஊன்றி ஊன்றிப் பாத்துக்கறா. மிதிக்கற மாதிரி. கேட்டா ஒண்ணுமில்லன்னு போயிடுவா. எனக்குப் பயமா இருக்குது. அவள மன்னிக்கணும்னு நினைக்கறேன், வரமாட்டேங்குது. அண்ணா... அன்னைக்கு பிரேக்குல ஏதாவது இருந்துச்சா? இருந்திருந்தா சொல்லிடுங்க. நான் கேஸ் போடமாட்டேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு அவகூடப் பேசறதுக்கு ஒரு காரணம் வேணும். அவ்ளோதான்."

என்ன கேட்டாள் பாருங்கள்! என் தலையைக் கேட்கவில்லை. என் கடையைக் கேட்கவில்லை. இரண்டு சொல் கேட்டாள். 'ஆமாம்மா, இருந்தது.' அதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட முழுதாகத் தேவையில்லை.

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு சொற்கள்தான் நாக்கில் இருந்தன. அதற்குள் மாப்பிள்ளைகளின் முகங்கள் வந்தன, ஊர்ப் பேச்சு வந்தது, 'அந்தோணி கை வெச்சா' வந்தது...

"ஒண்ணும் இல்லம்மா. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உங்க அக்காதான் பயந்துட்டாங்க."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "சரிண்ணா" என்றாள். அப்போது பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் சாப்பாட்டுத் தட்டோடு, நரைத்த தலையுடன் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணா? பாப்பாங்க நல்லா இருக்காங்களா?"

தட்டைத் தங்கையின் முன்னால் வைத்தார். மாலதி அவரைப் பார்க்காமல், ஒன்றும் பேசாமல், சாப்பிடத் தொடங்கினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனம் லேசாகிவிட்டதா? இல்லை. ஏன் தெரியுமா? அவர் பெயர் சுகந்தி அல்ல. அவள் பெயர் மாலதி அல்ல. என் பெயரும் அந்தோணி அல்ல. கல்லூரியை, தெருவை, மரத்தை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும் அந்த வீட்டைக் கண்டுபிடித்து, அந்த அம்மாவிடம் போய், 'நீங்கள் சரியாகத்தான் மிதித்தீர்கள்' என்று சொல்லிவிட முடியாது.

அப்படித்தான் எழுதியிருக்கிறேன்... மிகுந்த அக்கறையோடு.